உள்ளே குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை

கல்லாய்க் கிடந்தார்க்கும் காதளித்தாய், கட்டியவர்
இல்லாத வீட்டிலும் நீயுள்ளாய் – சொல்லாத
சொல்லும் அறிந்தவனே, சோர்ந்தெழுதும் என்கையை
நல்லருள் ஈந்து நடத்து.

வின்ஃபோல்ட் என்னும் சிற்றூரின் கடைசிப் போதகனாய் இருந்தவன் நான். என் சபையைச் சேர்ந்த எஸ்தர் பாஸ்க் அம்மையாரும், லண்டனில் வாழ்ந்த அவர் தம்பி அம்புரோஸ் டில்லார்டும் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் எழுதிக்கொண்ட கடிதங்கள் இவை. தம்பி கட்டடக் கலைஞர். அதனினும் மேலாக, எங்கள் சஃபோக் மாவட்டத்துப் பழங்கட்டடங்கள் அனைத்தையும் ஊர் ஊராய்ச் சென்று கண்டு வரலாறு எழுதியவர் என்று பெயர் பெற்றவர். அக்காள், கணவர் ரூபனையும் மகள் யூதித்தையும் இழந்தவர். தேவாலயத்துச் சாவியைக் காப்பவர். எங்கள் பக்கத்தில், வெளியூரார் எவர் தேவாலயத்தைக் காண வந்தாலும், சாவி இருக்கும் வீட்டின் கதவைத் தட்டிக் கேட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

———

வின்ஃபோல்ட்
14 செப்டம்பர் 1971

அன்புத் தம்பி அம்புரோஸுக்கு,

கர்த்தரின் கிருபையால் அக்காள் எஸ்தர் நலம். உன் நலத்துக்காக நாள்தோறும் மன்றாடுகிறேன். என் முழங்கால் மட்டும் பீடத்தின் முன் மடங்க மறுக்கிறது. ஆண்டவர் அதைப் பெருமை என்று எடுத்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன். உன் மார்ச்சளி எப்படியிருக்கிறது? திருமதி ஓக்ஸ் உனக்குச் சூடாகச் சமைத்துப் போடுகிறாளா, அல்லது இன்னும் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகவே காலம் தள்ளுகிறாயா?

ஒரு துயரச் செய்தி. ஞாயிறன்று ஆராதனை முடிந்தபின் போதகர் லம்லி பேராயர் அலுவலகத்திலிருந்து வந்த ஓலையை வாசித்தார். கோபுரத்தில் விரிசல் கண்டிருக்கிறது. ஆராதனைக்கு வருவோர் ஒரு பெஞ்சுக்குள் அடங்கிவிடுகிறோம். ஆகையால் தேவாலயத்தை மூடி, இடித்து, கல்லறைத் தோட்டத்தை மட்டும் விட்டுவைப்பது என்று எண்ணியிருக்கிறார்களாம். காத்து நிற்கும் தகுதி இக்கட்டடத்துக்கு இல்லை என்பதற்கு உன் நூலையே சான்று காட்டியிருக்கிறார்கள். போதகர் தயங்கித் தயங்கித்தான் அந்த வரிகளைப் படித்தார்: "வின்ஃபோல்ட். தேவாலயம் முழுதும் சென்ற நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது. கோபுரத்துக்குப் புதிய கற்போர்வை. உள்ளே குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை."

எனக்குப் பின்னால் இருந்த அயல்வீட்டு மேபெல், எல்லார் காதிலும் விழும்படி, "மூணே வரியில ஆண்டவரையே வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாரே ஒந்தம்பி" என்றாள். அவள் நாவை நீ அறிவாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்புரோஸ், இங்கேதான் எனக்கு மணமானது; நீ அப்போது அயல்நாட்டில் படித்துக்கொண்டிருந்தாய். ரூபனும் யூதித்தும் இதன் சுவரோரம் உறங்குகிறார்கள். நீ அவர்களுக்கு ஒரு சொல் எழுதினால் கேட்பார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உன்னால் முடியுமா?

உன்னைக் காப்பவர் உறங்காதிருப்பாராக.

அன்பு அக்காள்
எஸ்தர்

———

லண்டன்
2 அக்டோபர் 1971

பேரன்புடைய அக்காவுக்கு,

தம்பி அம்புரோஸின் வணக்கம். இவ்விடம் நான் நலமே. தங்கள் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். திருமதி ஓக்ஸ் வாரத்தில் இருமுறை ஆட்டிறைச்சி வேகவைக்கிறாள். அதை மெல்லுவதே எனக்குத் தேகப்பயிற்சி.

செய்தி அறிந்து வருந்தினேன். ஆயினும் அந்நூலை எழுதிய காலத்தைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. ஒரு பகலில் ஐந்தாறு தேவாலயங்களைக் காண்பேன். இரவில் விடுதியில் உட்கார்ந்து எழுதுவேன். இளமையில் நான் கட்டிய பள்ளிக்கூடமும் நூலகமும் போரில் குண்டுக்கு இரையாயின. பிற்பாடு கட்டிய குடியிருப்பை, ஈரம் கசிகிறதென்று நகர மன்றத்தார் சென்ற ஆண்டு தரைமட்டமாக்கினார்கள். கட்டியவை விழுந்தன; எழுதியது ஒன்றே நிற்கிறது. அதன் திருத்திய பதிப்பு இப்போது அச்சில் இருக்கிறது. வசந்தத்தில் எனக்கு ஒரு பொற்பதக்கமும் அளிக்கவிருக்கிறார்கள். முதுமையில் கிடைக்கும் பொன் கைக்குக் கனமாகத்தான் இருக்கும்.

தாங்கள் விரும்பினால் எழுதுகிறேன். அதற்குமுன், தேவாலயத்தின் உட்புறத்தை யாரேனும் புகைப்படம் எடுத்து அனுப்ப இயலுமா? நாளாகிவிட்டதால் நினைவு மங்கியிருக்கிறது.

தங்கள் ஆசியை நாடும்
அம்புரோஸ்

———

வின்ஃபோல்ட்
20 அக்டோபர் 1971

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். உப்பு ஒத்தடம் கொடுத்தேன்; முழங்கால் வாழ்த்துச் சொல்லவில்லை, திட்டவுமில்லை. அறுவடைப் பண்டிகை நடந்தது. மேபெல் தன் தோட்டத்துப் பூசணியைப் பிரசங்க மேடையின் அடியில் வைத்து, "இதுவாச்சும் உள்ள குறிப்பிடத்தக்கதா இருக்கட்டும்" என்றாள். போதகரும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

நீ கேட்டபடி போதகர் தம் கேமராவால் எடுத்த படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பெஞ்சுகள், பீடம், ஞானஸ்நானத் தொட்டி. மற்றொன்று மேற்கூரை. மல்லாந்து படுத்து எடுத்தாராம். அவர் அங்கியின் முதுகை வெளுக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. சுவரிலிருந்து நீளும் உத்திர முனை ஒவ்வொன்றிலும் சிறகு விரித்த வானதூதர் ஒருவர் இருப்பது அதில் தெரியும். எல்லாருக்கும் கரிய சாயம் பூசியிருக்கிறது. ஞாயிறுதோறும் அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள். யூதித் அவர்களில் ஒருவருக்குப் பெயர்கூட வைத்திருந்தாள்.

நினைவு மங்கியது என்று எழுதியிருந்தாய். நம் வயதில் அது இயல்பு.

யூதித்தின் கல்லில் படர்ந்திருந்த பாசியை நேற்றுச் சுரண்டித் துடைத்தேன். இந்த மாதம் வந்தால் முப்பத்துநான்கு ஆண்டு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

எஸ்தர்

———

லண்டன்
27 ஜனவரி 1972

பேரன்புடைய அக்காவுக்கு,

வணக்கம். மூன்று மாதம் மறுமொழி எழுதாதிருந்ததைப் பொறுத்தருள வேண்டும். தாங்கள் கிறிஸ்துமசுக்கு அனுப்பிய பிளம் பழப்பாகு வந்து சேர்ந்தது. அதற்கும் நன்றி சொல்லவில்லை. சளி நெஞ்சில் இறங்கியிருந்தது என்று எழுதலாம். அது ஓரளவு உண்மை.

அக்கா, அந்தக் கூரை பழையது. படத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபடியே பல நாள் கழிந்தது. சென்ற நூற்றாண்டினர் செதுக்கிய வானதூதர்கள் பள்ளிக்கூடத்துச் சிறுமியரைப்போல் இனிமையாக இருப்பார்கள். இவர்கள் அப்படியில்லை. நெற்றி உயர்ந்து, வாய் இறுகி, தோள் முதல் கணுக்கால் வரை இறகு உடுத்து நிற்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுக்குக் குறையாது. மேலே பூசிய சாயம்தான் புதுப்பித்தவர்களுடையது. சிலைகளை விக்கிரகமென்று உடைக்க ஏணியோடு வந்த அந்தக் காலத்துக் கூட்டத்துக்கு இவ்வுயரம் எட்டியிராது, அதனால் பிழைத்திருக்கிறார்கள். மாவட்டத்தில் இவற்றுக்கு ஈடாக இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

இடிப்பதா என்று முடிவுசெய்யும் பேராயர் குழுவின் ஆய்வாளர் இவற்றைக் கண்டுவிட்டு, புதுப்பித்தவர்களின் வேலை என்று எழுதியிருக்கிறார். அவருடைய காரணம் எளிது: இவை பழையனவாய் இருந்தால் டில்லார்ட் விட்டிருக்க மாட்டார். மார்ச்சில் விசாரணை கூடுகிறது. நானே நேரில் வந்து சொல்கிறேன்.

எப்படி என் கண்ணுக்குத் தப்பின என்று தாங்கள் கேட்கலாம். அன்று உள்ளே வெளிச்சம் போதவில்லை போலும்.

வணக்கத்துடன்
அம்புரோஸ்

———

வின்ஃபோல்ட்
9 பிப்ரவரி 1972

அன்புத் தம்பிக்கு,

சோர்ந்த எலும்புகளுக்குத் தைலம் பூசினாற்போல் வந்தது உன் கடிதம். போதகரிடம் காட்டினேன், அவர் மேபெலிடம் சொன்னார், அதன்பின் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சென்ற ஞாயிறு, பத்தாண்டாய் வாசற்படி மிதியாதவர்கள்கூட வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். கழுத்து வலிக்கிறது என்று முறையிட்டவர்களிடம் மேபெல், "வருஷக்கணக்கா குனிஞ்சே இருந்த கழுத்து, வலிக்கத்தான் செய்யும்" என்றாள். உன்மேல் இருந்த அவள் கோபம் தணிந்துவிட்டது. "ஒந்தம்பி தப்பு பண்ணாலும் பெரிய மனுஷன், வந்து திருத்துறாரு பாரு" என்று நேற்றுச் சொன்னாள்.

வெளிச்சம் போதவில்லை என்று எழுதியிருந்தாய். ஆம், அன்று மழை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

விசாரணை முடிந்ததும் இங்கே வந்து தங்கு. மாடியறையில் கணப்பு மூட்டி வைக்கிறேன். ஆட்டிறைச்சியை மெல்ல முடியாவிட்டால், வேகவைத்த கொழுக்கட்டை போட்டுக் குழம்பு வைக்கிறேன். அம்மா வைப்பது போல.

பிரயாணத்தில் உன் கால் கல்லில் இடறாதிருப்பதாக.

எஸ்தர்

———

லண்டன்
18 மார்ச் 1972

பேரன்புடைய அக்காவுக்கு,

வணக்கம். நலமாய் ஊர் திரும்பினேன். விசாரணை மரியாதையாகவே நடந்தது. குழுத் தலைவர் ரோலண்ட் பெவிஸ் என் பழைய மாணாக்கர். எனக்காக எழுந்து நின்றார், தம் நாற்காலியின் மெத்தையை எடுத்து எனக்குப் போட்டார். கூரையைப் பற்றி என் கருத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். சில வினாக்கள் எழுந்தன, விடை கூறினேன். முடிவைப் பின்னர்த் தெரிவிப்பார்கள்.

தாங்கள் அழைத்தும் வர இயலவில்லை. பதக்க விருந்துக்கான உரையை எழுத வேண்டியிருந்ததால் பிற்பகல் ரயிலைப் பிடித்துவிட்டேன். போதகர் லம்லியை மண்டபத்தின் பின்வரிசையில் கண்டேன், பேச வாய்க்கவில்லை. கொழுக்கட்டைக் குழம்பை வீணாக்கியிருந்தால் மன்னிக்கவும்.

அம்புரோஸ்

———

வின்ஃபோல்ட்
11 ஏப்ரல் 1972

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்தெழுந்தவரின் சமாதானம் உனக்கு உண்டாவதாக. நான் நலம். உன் பதக்கப் படத்தைச் செய்தித்தாளில் கண்டேன். மெலிந்திருக்கிறாய். விருந்தில் மீனா வைத்தார்கள்? மீன் உனக்கு ஆகாதே.

முடிவு வந்துவிட்டது. இடிக்கிறார்கள்.

விசாரணையில் நடந்ததைப் போதகர் என்னிடம் சொல்ல விரும்பவில்லை. நான் விடாமல் கேட்டதால் சொன்னார். தலைவர் உன்னிடம், "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அந்த நூலுக்காகப் போனப்ப உள்ள போய்ப் பார்த்தீங்கல்ல?" என்று கேட்டாராம். நீ, "பார்த்தேன்" என்றாயாம். "அப்ப இந்தக் கூரை அங்கதான இருந்துது?" "இருந்தது." அவர் மிகவும் பணிவாக, "அப்படின்னா நாங்க என்ன பண்றது, ஐயா? அக்கா ஊரு, பாசம் இருக்கும், புரியுது. ஆனா உங்க கண்ணை நம்பித்தான் நாங்க எல்லாரும் படிச்சோம். அன்னிக்கு பார்த்த கண்ணை விட்டுட்டு இன்னிக்கு வந்த பாசத்தை எப்படி நம்புறது?" என்றாராம். நீ மெத்தையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாயாம்.

இதை நீ எழுதவில்லை. கடிதத்தில் இடம் போதாமல் இருந்திருக்கும்.

மறுப்புத் தெரிவிக்க மே மாத முடிவுவரை அவகாசம் உண்டு. அந்த மூன்று வரிக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தால், கூரையைப் புதிதாக ஆராய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை என்கிறார் போதகர். நீ ஒரு வரி எழுதினால் போதுமாம். எந்த வரி என்று அவருக்குத் தெரியாது. நானும் அவரிடம் சொல்லவில்லை.

கர்த்தர் உன் நாவின் வாசலுக்குக் காவல் வைப்பாராக என்று சிறுவயதில் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதைத் திறக்கவும் வல்லவர்.

எஸ்தர்

———

லண்டன்
12 ஜூன் 1972

பேரன்புடைய அக்காவுக்கு,

வணக்கம். மே மாதம் முழுதும் நோயில் கிடந்தேன். இது மிகையன்று; மருத்துவர் இருமுறை வந்தார்.

எழுத உட்கார்ந்தேன். எத்தனை முறை என்று சொன்னால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். அந்நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன, அக்கா. அவற்றில் உள்ளவற்றை மழையிலும் பனியிலும் தவழ்ந்து, ஏணியேறி, கண்ணால் கண்டு எழுதினேன். அதை நம்பித்தான் நூற்றுக்கணக்கான கட்டடங்களைக் காத்திருக்கிறார்கள். அடித்தளத்தில் ஒரு கல்லை உருவினால், அடுத்து எந்தக் கல் என்று ஒவ்வொருவனும் கேட்பான். டில்லார்டின் சொல்லே ஐயம் என்றால், நாளை வேறொரு வின்ஃபோல்ட்டை இடிக்க அதுவே காரணமாகும். இதை நான் எனக்காக மட்டும் சொல்லவில்லை.

எனக்காகவும்தான்.

அவகாசம் முடிந்துவிட்டது. தங்கள் முழங்கால் எப்படியிருக்கிறது?

அம்புரோஸ்

———

வின்ஃபோல்ட்
23 செப்டம்பர் 1972

அன்புத் தம்பிக்கு,

நலம். முழங்காலுக்கு இனி வேலையில்லை.

இடிக்க வந்தவர்களின் மேஸ்திரி நல்ல மனிதர். முதல்நாள் காலையில், வழக்கப்படி, சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சாவி எதுக்கும்மா? நாங்க மேலருந்துதான் வருவோம்" என்றார். அதுவரை அச்சாவியை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கூரை இறங்கியபோது மேபெலும் நானும் யூதித்தின் கல்லருகே நின்றோம். வானதூதர்களைக் கயிறு கட்டி இறக்கிப் புல்லில் வரிசையாய்க் கிடத்தினார்கள். மழையில் கிடந்த சிலவற்றின் சாயம் உரிந்தது. அடியில் சிவப்பு, அம்புரோஸ். சிறகின் உள்மடிப்பில் பொன். கூட்டுக்குள்ளேயே இருந்து வெயில் படாத குருவிக் குஞ்சின் வயிறுபோல் அத்தனை புதிதாய் இருந்தது. மேஸ்திரி பார்த்துவிட்டு வேலையை நிறுத்தி, பேராயர் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். யாரோ ஒருவர் வந்தார். வெகுநேரம் நின்றார். பிறகு, "இப்ப தெரிஞ்சு என்ன பண்ண?" என்று மேஸ்திரியிடம் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். அதற்குள் பாதி உத்திரங்களை அறுத்தாயிற்று. நல்ல நிலையில் இருந்த நால்வரை அருங்காட்சியகம் கொண்டுபோனது. மற்றவர்களை மரக்கடைக்காரர் வாங்கினார். நெடுஞ்சாலையோரத்து மதுக்கடை ஒன்றைப் பழமையாகக் காட்ட வேண்டுமாம்.

நான் இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். இனி அதனால் யாருக்கும் கேடில்லை.

யூதித்தை அடக்கம் செய்தபோது நீ வரவில்லை. நூல் வேலையாய் வடக்கே இருப்பதாகத் தந்தி கொடுத்தாய். அதற்கு அடுத்த வாரம், எங்கள் தேவாலயத்தைப் பார்க்க வருவதாக அட்டை எழுதினாய். ரூபனுக்கும் எனக்கும் உனக்குமாக மேசையில் மூன்று தட்டு வைத்தேன். நான்காவதை அலமாரியின் உள்ளே தள்ளி வைத்திருந்தேன், நீ காணாதபடி. சாவியை மேசைமேல் உன் தட்டருகே வைத்தேன். மழை பெய்தது. உன் சாம்பல் நிறக் கார் கல்லறைத் தோட்டத்து வாயிலில் வந்து நின்றதைச் சன்னல் வழியே கண்டேன். புதிய மண்மேட்டுக்கு நேர் எதிரே நிறுத்தியிருந்தாய். நீ இறங்கவில்லை. கண்ணாடியில் மூச்சு படிந்து வெளுக்கும்வரை இருந்தாய். பிறகு கார் போய்விட்டது. ரூபன், "வரலையாடி?" என்று கேட்டார். "வழி தவறியிருப்பான்" என்றேன்.

அச்சாவி அன்று முழுதும் உன் தட்டருகிலேயே இருந்தது. ஊரில் வேறு சாவி கிடையாது.

அதற்காக உன்னை ஒருநாளும் வெறுத்ததில்லை. என்னாலும் அந்த மண்ணைப் பார்க்க முடியாமல்தான் இருந்தது. நீ வந்திருந்தால் இருவருமாய்ப் பார்த்திருப்போம் என்பதுதான்.

சாவியை இத்துடன் அனுப்புகிறேன். திறப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அது உன்னிடம் வந்துசேர வேண்டியது.

எஸ்தர்

———

லண்டன்
30 அக்டோபர் 1972

அக்காவுக்கு,

வணக்கம். பொட்டலம் வந்தது. திருமதி ஓக்ஸ் மேசையில் வைத்தபோது, "என்னங்க இது, இவ்ளோ கனமா? பதக்கம் இன்னொன்னா?" என்று கேட்டாள். பதக்கத்தைவிடக் கனம்தான்.

திருத்திய பதிப்பின் அச்சுத்தாள் இன்றோடு திரும்பிப் போக வேண்டும். வின்ஃபோல்ட்டுக்கு உரிய இடத்தில், தேவாலயம் இடிக்கப்பட்டது என்று பதிப்பாளர் ஒரு வரி போட்டு, பழைய மூன்றையும் எடுத்திருந்தார். நான் அதன்கீழ் ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறேன்: இந்நூலாசிரியர் இதன் உட்புறத்தைக் கண்டதில்லை.

யாருக்கும் பயனில்லாத காலத்தில் எழுதியிருக்கிறேன் என்பதை அறிவேன்.

அக்கா, மதிய உணவுக்கு ஒருநாள் வரலாமா?

அம்புரோஸ்

———

வின்ஃபோல்ட்
6 நவம்பர் 1972

அன்புத் தம்பிக்கு,

கர்த்தருக்குத் தோத்திரம். நான் நலம், நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

வருகிற வியாழக்கிழமை வா. கம்பளிச் சட்டை போட்டுக்கொள். கொழுக்கட்டைக் குழம்பு வைக்கிறேன். இரண்டு தட்டுதான். உண்டபின், மழை விட்டாலும் விடாவிட்டாலும், நாம் இருவரும் தோட்டத்துக்குப் போய் யூதித்தைப் பார்த்து வருவோம்.

தேவாலயம் நின்ற இடத்தில் புல் விதைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து மலைக்காதே. நேரே நடந்து வா. இந்த வீட்டுக் கதவை நான் பூட்டுவதில்லை. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அன்பு அக்காள்
எஸ்தர்

———

அந்த வியாழனன்று மழை பெய்தது. நிலையத்து வாடகைக் கார் ஒன்று கல்லறைத் தோட்டத்து வாயிலில் வந்து நிற்பதை, எதிர்ச்சாரியில் மேபெல் வீட்டிலிருந்த நானும் கண்டேன். கண்ணாடி வெளுக்கும்வரை எவரும் இறங்கவில்லை. மேபெல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பிறகு அந்தக் காரின் கதவு திறந்தது.

இதைப் படித்தவரே, உமக்கும் உம் இல்லத்தாருக்கும் சமாதானம் உண்டாவதாக. உம் மேசையில் எடுத்து வைத்த தட்டு எதுவும் ஆளின்றி ஆறாதிருப்பதாக. காலம் கடப்பதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லும் துணிவும், கடந்தபின் வந்தவரையும் ஏற்கும் நெஞ்சும் உம் வீட்டில் தலைமுறை தலைமுறையாய் நிலைப்பதாக. தட்டத் துணியாது வெளியே நிற்பவர்க்கும் திறந்திருக்கும் கதவாக உம் கதவை ஆண்டவர் காப்பாராக. ஆமென்.